நூற்றுப் பதினேழாம் விதி

குன்னூரில் இரவு பதினொன்றே முக்கால்.
வெளியே பதின்மூன்று டிகிரி.
ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்,
ஆனாலும் சர்வர் அறையில் ஏசி ஓட வேண்டும்
என்று சுவரில் ஒட்டியிருக்கிறது.
பழைய ஃபயர்வாலின் விசிறி இருமுகிறது.

நானூற்றுப் பன்னிரண்டு விதிகள்.
எந்தச் செயலி, யாரோடு, எந்த நேரத்தில் பேசலாம் என்று
தேயிலைக் கூட்டுறவு அலுவலகம்
பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்தது.
விடிவதற்குள் புதுப் பெட்டிக்குப் போயாக வேண்டும்.
மாற்றித் தரும் கருவி
முந்நூற்று நாற்பதை மூன்று நிமிஷத்தில் மாற்றிவிட்டு
மீதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

பெயர்தான் சிக்கல்.
உதகமண்டலம், உதகை, ஊட்டி, ஒத்தக்கல்மந்து:
போகிற பஸ் ஒன்றுதான்.
பழையது 'கோப்புப் பகிர்வு' என்று ஒரே சொல்லில் விட்டதை
புதியது, ஏற்றுகிறவன் இறக்குகிறவன் எட்டிப் பார்க்கிறவன் என
மூன்று ஆளாக நிறுத்தி
தனித்தனியே கையெழுத்துக் கேட்கிறது.
பழையது வேறு வேறென்று நம்பிய இருவரை
அட, ஒரே ஆள்தானே என்கிறது.
சிலரை அதற்குத் தெரியவே தெரியாது.

குறிப்புக் கட்டங்களில்
எனக்கு முன்னால் இங்கிருந்த ரெஜினால்ட்:
'தற்காலிகம்.' தேதி பார்த்தால் ஒன்பது வருஷம்.
'மேனேஜர் சொன்னார்.' எந்த மேனேஜர்?
'தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது.'
அதை அப்படியே தூக்கிப் புதியதில் வைத்தேன்.

நூற்றுப் பதினேழில் குறிப்பே இல்லை.
ஒரு முகவரி, இன்னொரு முகவரி, நடுவே
கல்லூரிப் பையன் எவனோ எழுதிக் கொடுத்ததுபோல் ஒரு செயலி.
பயன்பாடு: பூஜ்யம். எழுபது நாளாக.
கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.
அப்சல் கொட்டாவியோடு சொன்னான்:
"யாரும் வராத வாசலை எதுக்கு மேடம் தூக்கிட்டுப் போறீங்க?
குப்பையோடவா குடிபோவாங்க?"
சரியாகத்தான் பட்டது.
நீக்கினேன்.

இரண்டு பத்துக்குக் கேபிளை மாற்றினேன்.
நான்கு நொடி
குன்னூர் அலுவலகம் உலகத்தில் இல்லை.
பிறகு இருந்தது.

காலை ஒன்பதரைக்கு
நெரிகம்பை கொள்முதல் கொட்டகையிலிருந்து போஜராஜ்:
"மேடம், தராசு எடை காட்டுது, ரசீது வரல.
வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

நெரிகம்பை ஒரு பள்ளம்.
மேட்டிலிருந்து குளிர் வழிந்து வந்து
அங்கேதான் தேங்கும்.
தை பிறந்த வாரத்தில் மூன்று இரவு உறைபனி;
பள்ளம் முழுக்கச் செடி வறுத்த நிறத்துக்குப் போனது.
கவாத்து வெட்டி, துளிர் வந்து,
இன்றைக்குத்தான் முதல் பறிப்பு.
அந்தக் கருகலைப் பஸ் ஜன்னலில் நானும் பார்த்தவள்.
பூஜ்யத்தைப் பார்த்தபோது
பனி ஞாபகத்துக்கு வரவில்லை.

புதுப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன்.
அறியப்படாதது, மறுக்கப்பட்டது.
அறியப்படாதது, மறுக்கப்பட்டது.
இருபது நொடிக்கு ஒரு வரி, பிசகாமல்.
ஒன்பது பதினான்கின் வரி
லிங்கியின் பதினெட்டுக் கிலோ என்று
பின்னால் ரசீதில் தெரிந்தது.

முகம் தெரியாவிட்டால் முகவரியைப் பார்த்து விடு
என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
'நெரிகம்பை தராசு. பனி விழுந்தால் பூஜ்யம் காட்டும்.
காட்டட்டும்.'

போன் மறுபடி.
"வந்துருச்சு மேடம். வரிசை நகருது.
ஆனா ரசீதுல நேரம் நாலு பத்துன்னு இருக்கே?
விடியக்காலம் நாலு பத்துக்கு
யாரு மேடம் இலை பறிக்கிறா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது.
ஐந்தரை மணி நேரத்தை
வழியில் எங்கோ இறக்கிவிட்டிருக்கிறேன்.
ஆறிப்போன டீயை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

நூற்றுப் பதினெட்டு.